மூன்றாவது பின்

சேலையூர்,
14.6.2025

கர்த்தருக்குள் அன்பான தம்பி மெர்வினுக்கு,

அண்ணன் ஜெபசீலன் எழுதுவது. தேவ கிருபையால் இங்கே எல்லோரும் சுகம். அங்கே உன் உடம்பு எப்படி இருக்கிறது?

அம்மா போனபோது, "இனி எதுவானாலும் கடிதம் போடுங்கள், போன் வேண்டாம், குரலைக் கேட்டால் எனக்குப் பேச வராது" என்று எழுதியிருந்தாய். அதனால்தான் இந்தக் காலத்திலும் போஸ்ட் ஆபீஸைத் தேடிப் போய் கவர் வாங்கினேன். ஆறு வருஷம் கழித்து, அதுவும் உதவி கேட்டு எழுதுகிறானே என்று நினைக்காதே.

கிட்டார் சத்தத்தை மாற்றிக் கொடுக்கும் உன் பழைய ப்ராசஸர் பெட்டி போலீஸ் ஸ்டேஷனிலிருந்து திரும்பி வந்த நாள் முதல் லாஃப்டில்தான் கிடந்தது. போன மாதம் உன் அக்கா ஜோசலின் ஸ்டூல் போட்டு ஏறி, அதை இறக்கி, என் மகள் ஜாஸ்மின் கையில் கொடுத்துவிட்டாள். ஜாஸ்மின் இப்போது பிளஸ் டூ. கிட்டார் வாசிக்கிறாள், அப்படியே உன் கை. "அந்தப் பெட்டியா?" என்று நான் கேட்டதற்கு, "பெட்டி என்ன பண்ணுச்சு?" என்கிறாள் ஜோசலின். அந்தப் பெட்டியால் உயிர் விட்ட அசரியா அவளுக்கு நிச்சயம் பண்ணின மாப்பிள்ளை. அவளே கொடுக்கும்போது வேண்டாம் என்று சொல்ல எனக்கு ஏது வாய்.

இத்தனை வருஷம் சும்மா கிடந்ததால் உள்ளே இருக்கும் இரண்டு கண்ணாடி வால்வையும் மாற்றி, பயஸ் சரி பண்ணணும் என்று ஜாஸ்மின் எங்கேயோ படித்திருக்கிறாள். நான் இன்னும் ஸ்விட்ச் போட விடவில்லை. வெளியாள் கையில் கொடுக்கவும் மனசில்லை. எப்படிச் செய்வது என்று நீ எழுதினால் நானே செய்துவிடுவேன். இந்தக் கிறிஸ்மஸுக்கு சர்ச்சில் வாசிக்கணுமாம் அவளுக்கு.

உனக்காக ஜெபிக்கிறோம்.

இப்படிக்கு,
அண்ணன் ஜெபசீலன்

தும்கா, ஜார்க்கண்ட்,
2.7.2025

அன்புள்ள அண்ணாவுக்கு,

மெர்வின் எழுதுவது. நான் சுகம். அண்ணி, ஜாஸ்மின், அக்கா எல்லோரும் சுகமாக இருப்பார்கள் என்று நம்புகிறேன். இங்கே மழை பிடித்துக்கொண்டது. மிஷன் ஆஸ்பத்திரியில் ஜெனரேட்டர், இன்வெர்ட்டர், ஆபரேஷன் தியேட்டர் விளக்கு எல்லாம் என் பொறுப்பு. எர்த் டெஸ்ட்டை நான் வாரத்துக்கு ஒரு தடவை செய்வேன். இங்கே எல்லோரும் என்னைக் கிறுக்கன் என்கிறார்கள்.

உங்கள் கடிதத்தை இரண்டு நாள் பையிலேயே வைத்திருந்தேன். அக்காவே இறக்கிக் கொடுத்தாள் என்ற வரியைத் திரும்பத் திரும்பப் படித்தேன். என்மேல் கோபம் கொஞ்சமாவது தணிந்ததா அவளுக்கு?

வால்வுக்கு முன்னால், பெட்டிக்குள் ஓடும் மெயின்ஸ் வயரைப் பற்றிச் சொல்லணும். அன்றைக்கு, 2013 டிசம்பர் 21ஆம் தேதி, இதே வால்வு மாற்றுகிற வேலையைத்தான் நான் மத்தியானம் செய்தேன். வேன் வாசலில் வந்து நின்று ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தது. அவசரமாக மூடியை மூடினேன். மெயின்ஸ் வயர் மூடி விளிம்பில் நசுங்கி, தகட்டில் பட்டிருக்கிறது. சாயங்காலம் கோவிலம்பாக்கத்தில் அந்த அடுக்குமாடி கேரல் நிகழ்ச்சியில், என் கிட்டாரை மாட்டிக்கொண்டு அசரியா பாடினான். உதடு மைக்கில் பட்டது. பெட்டி வழியாகக் கிட்டார் கம்பியில் கரண்ட். நான் மிக்சர் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். கோர்ட்டில் ஒரே வார்த்தையில் ஒப்புக்கொண்டேன். கையால் எழுதுவது இதுதான் முதல் தடவை.

ஆகவே அந்த வயரை முழுசாக எடுத்துவிட்டுப் புதுசு போடுங்கள். தகட்டைத் தாண்டும் இடத்தில் ரப்பர் உறை வேண்டும். பிறகு வால்வு. பவர் கேபிளைப் பிடுங்கிவிட்டு அரை மணி நேரம் தொடாதீர்கள், உள்ளே கண்டென்சர்களில் கரண்ட் தங்கியிருக்கும். பழைய வால்வைத் துணியால் பிடித்து, லேசாக ஆட்டி, நேராக மேலே இழுங்கள். ஒன்பது கால் இருக்கும். ஒரு இடத்தில் மட்டும் இடைவெளி, அதைப் பார்த்துப் புதுசைப் பொருத்துங்கள். இடுக்கி போடக் கூடாது.

பெட்டியோடு இருக்கும் பவர் கேபிளின் பிளக்கில் மூன்று பின்னும் இருக்கிறதா என்று பார்த்து எழுதுங்கள். மறக்க வேண்டாம்.

அக்காவை விசாரித்ததாகச் சொல்லவும்.

மெர்வின்

சேலையூர்,
19.7.2025

அன்பான தம்பிக்கு,

கர்த்தர் இம்மட்டும் நடத்தினார். எனக்கு மட்டும் முழங்கால் வலி. மற்றபடி எல்லோரும் நலம். உன் கடிதம் கிடைத்தது.

ஞானையாவை நினைவிருக்கிறதா, நம் சர்ச் எலக்ட்ரீஷியன். அவர் வந்து மெயின்ஸ் வயரை மாற்றிக் கொடுத்துவிட்டார். வால்வுக்குத்தான் அலைந்தேன். கடைசியில் பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில், உடைந்த டேப் ரெக்கார்டருக்கும் பழைய மிக்சிக்கும் நடுவில் குப்பன் என்று ஒரு ஆள் வைத்திருந்தான். "இன்னா சார், வால்வு தானே? கீது. மிலிட்டரி சரக்கு. பாத்து எடுத்துகினு போ, ஒடஞ்சா நம்மளாண்ட வந்து பேஜார் பண்ணாத" என்றான். பெட்டியில் இருந்த அதே நம்பர்தான். இரண்டு வாங்கினேன். திரும்பி வரும்போது மேடவாக்கம் ரோட்டில் தண்ணி லாரி ஒன்று படுத்துவிட்டது. ஒன்றரை மணி நேரம் வால்வை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் உட்கார்ந்திருந்தேன்.

வால்வு இரண்டும் ஏறிவிட்டது. இனி பயஸ் எப்படி என்று எழுது. வால்வு பக்கத்தில் சின்னதாக இரண்டு திருகு இருக்கிறது.

ஜோசலின் பல்லாவரத்தில் அதே பள்ளிக்கூடத்தில்தான் வேலை பார்க்கிறாள். சுகமாக இருக்கிறாள். ஜாஸ்மின் உனக்கு ஸ்தோத்திரம் சொல்லச் சொன்னாள்.

அண்ணன் ஜெபசீலன்

தும்கா,
8.8.2025

அன்புள்ள அண்ணாவுக்கு,

நான் சுகம். முழங்காலுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுங்கள், படியேறுவதைக் குறையுங்கள்.

பயஸ் என்பது பெரிய வித்தை இல்லை. வாசிக்காமல் சும்மா இருக்கும்போதும் வால்வு கொஞ்சம் கரண்ட் குடிக்கும். அது எவ்வளவு என்று நாம் வைக்கிற அளவுதான் பயஸ். கூடிப்போனால் வால்வு சீக்கிரம் செத்துவிடும், குறைந்தால் சத்தம் கரகரக்கும். பெட்டியை ஸ்விட்ச் போட்டுக் கால் மணி நேரம் சூடாக விடுங்கள். மீட்டரின் கறுப்பு வயரை கிளிப் போட்டுத் தகட்டில் மாட்டிவிடுங்கள். சிவப்பு வயரைத் திருகுக்குப் பக்கத்தில் உள்ள புள்ளியில் வையுங்கள். இடது கை சட்டைப் பையில் இருக்கட்டும். இரண்டு கையையும் உள்ளே விடவே கூடாது. பிளாஸ்டிக் திருப்புளியால் கொஞ்சம் கொஞ்சமாகத் திருகுங்கள். எவ்வளவு வரணும் என்று மூடியின் உள்பக்கம் பென்சிலில் எழுதிவைத்திருக்கிறேன்.

நான் கேட்டதற்குப் பதில் இல்லை. பிளக்கில் மூன்று பின்னும் இருக்கிறதா? ஏன் கேட்கிறேன் என்று சொல்கிறேன். மேடை போர்டில் எர்த் சரியாக இருந்தது என்று எலக்ட்ரிக்கல் இன்ஸ்பெக்டர் ரிப்போர்ட்டில் எழுதியிருந்தார்கள். கோர்ட்டில் வைத்த கேபிளிலும் எர்த் பின்னோடு சேர்த்து மூன்று பின் இருந்தது. அப்படியானால், வயர் தகட்டில் பட்டிருந்த அந்தப் பெட்டியை ஸ்விட்ச் போட்ட நொடியே கரண்ட் எர்த்துக்குப் பாய்ந்து ஃப்யூஸ் போயிருக்க வேண்டும். போகவில்லை. ஏன் போகவில்லை? பதினோரு வருஷமாக இது எனக்கு விளங்கவில்லை. ஆறு மாதம் ஜெயிலில் இதைத்தான் யோசித்துக்கொண்டு கிடந்தேன். வக்கீல், "உன் வேலைதானே, ஒத்துக்க" என்றார். என் வேலைதான். ஆனாலும் ஃப்யூஸ் ஏன் போகவில்லை?

அக்கா என்னைப் பற்றி ஏதாவது கேட்பாளா? ஒரு வரி எழுதுங்கள். அவளை விசாரித்ததாகச் சொல்லவும்.

மெர்வின்

சேலையூர்,
30.8.2025

தம்பிக்கு,

எல்லோரும் நலம். உன் நலத்துக்கு எழுது.

மூடியைத் திறந்து பார்த்தேன். உன் கையெழுத்தில் அளவும், கீழே "21.12.13, 3.40" என்று நேரமும் இருந்தது. முதல் வால்வு நீ சொன்ன அளவுக்கு வந்து நின்றது. இரண்டாவது நிற்கவில்லை. திருகி வைத்தால் பத்து நிமிஷத்தில் ஏறிவிடுகிறது.

கேபிளில் மூன்று பின்னும் இருக்கிறது. போதுமா? நடந்தது நடந்துவிட்டது, ஃப்யூஸ் ஏன் போகவில்லை என்று இப்போது ஆராய்ந்து யாருக்கு என்ன பிரயோஜனம்? உன் மனசைத்தான் கெடுத்துக்கொள்வாய். கர்த்தர் எல்லாவற்றையும் பார்த்துக்கொள்வார்.

சர்ச் கமிட்டிக்கு என்னைச் செயலாளராகத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். வேலை ஜாஸ்தி. பெட்டியை அப்படியே விட்டுவிடலாமா என்று யோசிக்கிறேன். ஜோசலின்தான் விடமாட்டேன் என்கிறாள்.

அண்ணன்

சேலையூர்,
20.9.2025

டியர் மெர்வின் சித்தப்பா,

நான் ஜாஸ்மின். நல்லா இருக்கீங்களா? உங்களை நான் கடைசியா பார்த்தப்போ எனக்கு அஞ்சு வயசு. தோள்ல தூக்கி வச்சு ரயில் காட்டினது ஞாபகம் இருக்கு. லெட்டர் எழுதிப் பழக்கம் இல்ல, தப்பு இருந்தா திட்டாதீங்க. அட்ரஸ் குடுத்தது ஜோசலின் அத்தை.

ரெண்டாவது வால்வு பயஸ் இன்னும் நிக்கல. அப்பா தொடவே மாட்டேங்கறாங்க. நீங்க எழுதினதைப் படிச்சு நானே செய்யறேன், இடது கை பாக்கெட்லதான். பயப்படாதீங்க.

இன்னொரு டவுட். போன வாரம் அத்தை, "கிறிஸ்மஸ் குடில் சாமான் பெட்டியில வைக்கோலுக்கு அடியில ஒரு வயர் கிடக்கு. உன் சித்தப்பாவோடது. எடுத்துப் பாத்துட்டு அவனுக்கு எழுதிக் கேளு"ன்னாங்க. எடுத்தேன். இதே பெட்டிக்கு மாட்டற பவர் கேபிள்தான். ரெண்டு முனையிலயும் சிவப்பு நெயில் பாலிஷ்ல ரெண்டு வளையம் போட்டிருக்கு. உங்க கிட்டார் வயர், மைக் வயர் எல்லாத்துலயும் அதே வளையம். அத்தையோட நெயில் பாலிஷை எடுத்து நீங்க மார்க் பண்ணுவீங்களாமே. ஆனா இந்த கேபிள் பிளக்ல மேல இருக்கற பெரிய பின் இல்ல. யாரோ பிடுங்கி எடுத்த மாதிரி பள்ளமா இருக்கு. கட்டிங் ப்ளேயர் பதிஞ்ச தடம்கூட தெரியுது. போலீஸ்கிட்ட இருந்து பெட்டியோட வந்த கேபிள்ல மூணு பின்னும் இருக்கு, ஆனா வளையம் இல்ல.

ரெண்டுல எது உங்களோடது? இந்தப் பின்னை யாரு உடைச்சது? அப்பாகிட்ட காட்டினேன். முகம் ஒரு மாதிரி ஆயிடுச்சு, தூக்கிப் போடுன்னாங்க. அத்தை வாங்கி உள்ள வச்சுட்டாங்க.

அன்புடன்,
ஜாஸ்மின்

தும்கா,
4.10.2025

அண்ணாவுக்கு,

சுகம் விசாரிக்க இந்தக் கடிதம் இல்லை.

என் கேபிள் எல்லாவற்றிலும் சிவப்பு வளையம் உண்டு. கோர்ட்டில் மேஜைமேல் இருந்த கேபிளில் வளையம் இல்லை. என் கண்ணெதிரே இரண்டு வருஷம் அது இருந்தது. நான் தலையைக் குனிந்துகொண்டு நின்றேன், பார்க்கவில்லை. பார்த்திருந்தாலும் உங்களை நினைத்திருக்கமாட்டேன்.

இப்போது எல்லாம் ஞாபகம் வருகிறது. ஆறு மணிக்கு, என் பெட்டியின் பிளக்கைச் சொருகி இன்னும் ஸ்விட்ச் போடாதபோதே, ஸ்பீக்கரில் ஒரே இரைச்சல். அசோசியேஷன்காரர்கள் முகம் சுளித்தார்கள். நிகழ்ச்சிக்கு நீங்கள்தான் பொறுப்பு, அங்குமிங்கும் ஓடினீர்கள். திடீரென்று இரைச்சல் நின்றது. மேடைக்குப் பின்னாலிருந்து வந்து, "இப்ப ஓகேவா?" என்று கட்டைவிரலைக் காட்டினீர்கள். நானும் சந்தோஷமாகத் தலையாட்டினேன். கீழே கை தட்டினார்கள்.

அந்தப் பெரிய பின்தான் எர்த், அதை எடுத்தால் இரைச்சல் போகும். உண்மைதான். அரைகுறையாகத் தெரிந்தவன் எல்லாம் செய்கிற வேலைதான். அதைக்கூட நான் பொறுத்துக்கொள்வேன். ஆனால் அசரியாவை வேனில் தூக்கிப் போட்டுக்கொண்டு நாங்கள் போன பிறகு, நீங்கள் அங்கே தங்கி, அந்த கேபிளைக் கழற்றி, வேறு கேபிளை மாட்டியிருக்கிறீர்கள். அதற்கு நிதானம் வேண்டும். அந்த நேரத்தில் உங்களுக்கு அது இருந்திருக்கிறது.

வயர் நசுங்கியது என் தப்பு. அந்தப் பின் இருந்திருந்தால் என் தப்புக்கு ஒரு ஃப்யூஸ் போயிருக்கும். அவ்வளவுதான். நான் ஃப்யூஸை மாற்றியிருப்பேன், அசரியா பாடியிருப்பான், அக்காவுக்கு ஏப்ரலில் கல்யாணம் ஆகியிருக்கும்.

ஜெயிலுக்கு என்னைப் பார்க்க வரும்போதெல்லாம் பன்னும் பிஸ்கட்டும் வாங்கி வருவீர்கள். ஒரு தடவை என் தலையில் கை வைத்து ஜெபம் பண்ணினீர்கள். எதற்காக ஜெபித்தீர்கள் என்று மட்டும் எழுதுங்கள்.

மெர்வின்

சேலையூர்,
15.11.2025

தம்பி மெர்வினுக்கு,

ஆறு வாரமாக எழுதி எழுதிக் கிழித்தேன். நீ எழுதியது எல்லாம் சரி. சவுண்ட் செட் ஆள் ஒருத்தன், "எர்த்தைத் தூக்கிடுங்க சார், நின்னுடும்" என்றான். பிடுங்கினேன். நின்றுவிட்டது. அவ்வளவுதான் எனக்குத் தெரியும். ஒரு உயிர் போகும் என்று யாருக்குத் தெரியும்? கேபிளை மாற்றியது பயத்தில். வீட்டுக்கு வந்ததும் குடில் பெட்டி கூடத்தில் திறந்து கிடந்தது, அதில் திணித்துவிட்டேன். ஜனவரியில் தூக்கிப் போடலாம் என்று போனால் முடியவில்லை. பெட்டியைக் கட்டி மேலே போட்டிருந்தார்கள். அடுத்த வருஷம் ஒரு தடவை இறக்கித் தேடினேன், கேபிள் இல்லை. யார் கையில் இருக்கிறதோ என்று அன்றிலிருந்து எனக்கு நிம்மதி இல்லை. நீ மட்டும்தான் கஷ்டப்பட்டாய் என்று நினைக்காதே.

அப்போது அம்மா படுத்த படுக்கை. ஜாஸ்மின் குழந்தை. சம்பளம் என் ஒருத்தனுடையது. நீ கல்யாணம் ஆகாதவன். நான் உள்ளே போயிருந்தால் இந்த வீடு என்ன ஆகியிருக்கும், நீயே சொல்.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். ஜோசலினுக்கு எழுதாதே. அந்த கேபிளின் அர்த்தம் அவளுக்குத் தெரியாது. தெரிந்தால் ஒரு நிமிஷம் இந்த வீட்டில் இருக்கமாட்டாள். இந்த வயதில் எங்கே போவாள்? ஜாஸ்மின் என் முகத்தில் விழிப்பாளா? சர்ச்சில் நான் தலை நிமிர முடியுமா? இத்தனை வருஷம் தாங்கியவன் நீ, இன்னும் கொஞ்சம் தாங்கிக்கொள்.

எதற்காக ஜெபித்தேன் என்று கேட்டாய். நீ கண்டுபிடிக்கக் கூடாது என்று.

ஜெபசீலன்

சேலையூர்,
28.11.2025

மெர்வின்,

அண்ணா உன் கடிதங்களை பைபிள் உறைக்குள் வைக்கிறார். நான் எல்லாவற்றையும் படித்திருக்கிறேன். அவர் எழுதுவதையும், ஒட்டுவதற்கு முன்னால். கடைசியில் உன்னிடம் என்ன கேட்டிருக்கிறார் என்பதும் தெரியும்.

இந்த வீட்டில் வருஷா வருஷம் குடில் வைப்பது யார் என்று அண்ணாவுக்குத் தோன்றவே இல்லை. நான்தான் வைக்கிறேன். அந்த ஜனவரியில் பெட்டியை எடுத்துக் கட்ட எனக்குத் தெம்பில்லை, அண்ணிதான் கட்டி மேலே போட்டார்கள். அடுத்த டிசம்பரில், 2014இல், திறந்தேன். ஆட்டுக்குட்டி பொம்மைகளுக்கு அடியில் அந்த கேபிள் இருந்தது. என் நெயில் பாலிஷ். பின் இல்லாத பிளக். ஐந்து நிமிஷத்தில் எனக்கு எல்லாம் புரிந்துவிட்டது. நீ கோர்ட்டில் குற்றத்தை ஒப்புக்கொள்ள அப்போது இன்னும் ஒன்றரை வருஷம் இருந்தது.

அதை எடுத்து என் பீரோவில் பூட்டினேன். யாரிடமும் சொல்லவில்லை.

அம்மாவைக் குளிக்க வைக்க இரண்டு பேர் தூக்க வேண்டும். அண்ணா ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். அவரையும் கொண்டுபோய்விட்டால் யார் தூக்குவது? நீ எப்படியும் மாட்டிக்கொண்டாய். மாட்டிக்கொண்டவன் தலையிலேயே இருக்கட்டும் என்று நினைத்தேன். அசரியாவின் போட்டோவுக்கு முன்னால் உட்கார்ந்துதான் நினைத்தேன்.

அம்மா போன பிறகு ஏன் சொல்லவில்லை என்று கேட்பாய். பழகிவிட்டது. ஒவ்வொரு நாளும் அண்ணா சாப்பிட்ட தட்டை நான் கழுவுகிறேன். உன்னிடம் பேசாமல் இருந்தது கோபத்தால் என்று எல்லோரும் நினைத்தார்கள். நீயும் நினைத்தாய். வெட்கம்.

வாய்விட்டுச் சொல்ல முடியவில்லை. அதனால்தான் பெட்டியை இறக்கிக் கொடுத்தேன். பயஸ் வைக்கிற வேலைக்கு இந்த வீட்டில் உன்னை விட்டால் ஆள் இல்லை, அண்ணா உனக்குத்தான் எழுதியாக வேண்டும் என்று தெரியும். நீ பிளக்கைப் பற்றிக் கேட்பாய் என்றும் தெரியும். ஆகஸ்ட் வரை அண்ணா தானாகச் சொல்வாரா என்று பார்த்தேன். பிறகு கேபிளைப் பீரோவிலிருந்து எடுத்து, கிடந்த இடத்திலேயே திரும்ப வைத்து, குழந்தையை அனுப்பினேன்.

உன்னை மன்னித்துவிட்டேனா என்று ஒவ்வொரு கடிதத்திலும் சுற்றி வளைத்துக் கேட்கிறாய். மன்னிக்க எனக்கு எதுவும் இல்லை. இந்த ஒரு வரியை எழுதப் பதினோரு வருஷம் ஆகியிருக்கிறது. உன்னிடம் நான் எதையும் கேட்கவில்லை.

ஜோசலின்

தும்கா,
10.12.2025

அன்புள்ள ஜாஸ்மினுக்கு,

சித்தப்பா எழுதுவது. நான் சுகம். உன் பரீட்சைகள் நன்றாக நடக்கட்டும். பதில் தாமதமாகிவிட்டது, மன்னித்துக்கொள்.

இந்தப் பார்சலில் இரண்டு வால்வு இருக்கிறது. கல்கத்தாவிலிருந்து வரவழைத்தேன், இரண்டும் ஜோடியாக அளந்து எடுத்தது. சந்தை வால்வில் ஒன்று பழுது, அதனால்தான் பயஸ் ஏறிக்கொண்டே போகிறது. திருகைக் குறை சொல்லாதே. இரண்டையும் எடுத்துவிட்டு இவற்றைப் போடு. கால் மணி நேரம் சூடான பிறகு வைத்த அளவை, ஒரு மணி நேரம் கழித்து இன்னொரு தடவை பார். மூடி உள்பக்கம் இருக்கிற என் பென்சில் எழுத்தை அழித்துவிட்டு உன் தேதியை எழுதிக்கொள்.

வளையம் போட்ட கேபிள்தான் என்னுடையது. அதை எறியாதே, உபயோகிக்கவும் செய்யாதே. வாசிக்கும்போது ஸ்பீக்கரில் இரைச்சல் வரும். வந்தால் வரட்டும். யார் என்ன சொன்னாலும் இரைச்சலோடேயே வாசி.

பின்னை யார் உடைத்தது என்று கேட்டிருந்தாய். உன் அப்பாவுக்குத் தெரியும். அத்தைக்கும் தெரியும். அத்தையிடம் கேட்காதே, அப்பாவிடமே கேள். அவர் தன் வாயால் சொல்லும்வரை அந்தப் பெட்டிக்கு ஸ்விட்ச் போடாதே. இந்தக் கிறிஸ்மஸ் போனால் போகட்டும். நீ கேட்கும்போது அவர் ஜெபம் பண்ணலாம் என்று கூப்பிட்டால், முதலில் பதில் சொல்லச் சொல்.

உடம்பைப் பார்த்துக்கொள். வீட்டில் வேறு யாரையும் விசாரித்ததாகச் சொல்ல வேண்டாம்.

மெர்வின் சித்தப்பா